மதிப்பெண்ணில் பிள்ளையின் பங்கு எவ்வளவு?

முத்தியால்பேட்டையில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு மாணவிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருத்தி அரசுப் பள்ளியில் படித்தவள். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் 82 வாங்கியிருக்கிறாள். மற்றவள் தனியார் பள்ளியில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவள். அவளுக்குக் கணக்கில் 88. இருவரும் கல்லூரியில் இடம் கேட்டு, புதுச்சேரியின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக்கில் விண்ணப்பிக்கிறார்கள். இவர்களில் யாருக்குக் கணக்கு நன்றாகத் தெரியும்?

88 பெரிய எண் என்பதால் இரண்டாமவளைச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இருவரும் எழுதியது ஒரே தாள் இல்லையே. சி.பி.எஸ்.இ. தாள் கடினமாகவும் மாநிலத் தாள் எளிதாகவும் இருந்திருந்தால்? நேர்மாறாக இருந்திருந்தால்? இரண்டு தாள்களும் ஒரே தரம்தான் என்று வைத்துக்கொண்டாலும், திருத்திய ஆசிரியர் மாறியதாலேயே இந்த ஆறு மதிப்பெண் வந்திருக்கலாமே?

புதுச்சேரிக்காரர்களுக்கு இது ஏட்டளவிலான சந்தேகம் இல்லை. நம் யூனியன் பிரதேசத்துக்கென்று தனியாகப் பள்ளித் தேர்வு வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. 2025-இல் அந்தப் பிள்ளைகளின் முதல் அணி பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளை எழுதியது. அன்றுமுதல் ஒரு கேள்வி ஊரெங்கும் கேட்கிறது: தேர்ச்சி விழுக்காடு ஏறியதா, இறங்கியதா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லுமுன், ஒரு மதிப்பெண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஏப்ரலில் ஒரு தாள், ஜூனில் ஒரு தாள்

இந்தப் புதிரின் இன்னொரு வடிவம் இதே ஊரில் நெடுங்காலம் நடந்திருக்கிறது. விக்டர் சிமோனல் வீதியில் 1826-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு லிசே பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் பள்ளி இறுதியில் பிரான்சின் பக்கலோரேயா தேர்வை எழுதுகிறார்கள். பிரான்சில் அந்தத் தேர்வு ஜூனில் நடக்கும். இங்கே கோடை முற்றுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஏப்ரலிலேயே நடத்தினார்கள். ஒரே நாளில் நடக்காததால் ஒரே தாளைக் கொடுக்க முடியாது. புதுச்சேரிக்கென்று தனித்தாள் தயாரானது.

பல ஆண்டுகள் அந்த ஆண்டின் முதல் பக்கலோரேயா தாள் ‘பாண்டிச்சேரி தாள்’தான். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த பிரெஞ்சு மாணவர்களும் ஆசிரியர்களும் அதற்காகக் காத்திருந்தார்கள். ஜூனில் என்ன வரும் என்று ஊகிக்க அதை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். புதுச்சேரியின் பெயரைத் தேர்வுத்தாளின் தலைப்பில்தான் முதன்முதலாகப் பார்த்தோம் என்று சொல்லக்கூடிய பிரெஞ்சுப் பிள்ளைகள் நிறையவே இருப்பார்கள்.

இரண்டு தாள்களுக்கும் சான்றிதழ் ஒன்றுதான். அங்கே 20-க்கு மதிப்பெண். 10 வாங்கினால் தேர்ச்சி. புதுச்சேரியில் ஏப்ரல் தாளில் 14 வாங்கிய பிள்ளையும், லியோனில் ஜூன் தாளில் 14 வாங்கிய பிள்ளையும் ஒரே அறிவு உள்ளவர்கள் என்று அந்தச் சான்றிதழ் சொல்கிறது. அப்படிச் சொல்ல அதற்கு என்ன ஆதாரம்? இந்தக் கேள்விக்கு விடை தேடி ஒரு தனி அறிவியலே வளர்ந்திருக்கிறது. ‘தேர்வு அளவியல்’ என்று அதைச் சொல்லலாம்.

மெய்யளவும் பிழையும்

இந்த அறிவியலின் அடிப்படைக் கருத்தை 1904-இல் இங்கிலாந்து உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன் எழுதிய கட்டுரைகளில் காணலாம். தாளில் நாம் காணும் மதிப்பெண் இரண்டின் கூட்டு. ஒன்று, பிள்ளையின் மெய்யளவு, அதாவது அதே தரமுள்ள தாள்களை எண்ணற்ற முறை எழுதினால் வரக்கூடிய சராசரி. இன்னொன்று, பிழை. படித்த பாடத்திலிருந்தே கேள்வி வந்த அதிர்ஷ்டம், தேர்வன்று வந்த தலைவலி, திருத்தியவரின் மனநிலை எல்லாம் இந்தப் பிழைக்குள் அடங்கும். மெய்யளவை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பிழை எவ்வளவு பெரியது என்று கணிக்க வழி உண்டு.

ஒரு வழி இது. தாளிலுள்ள ஒற்றைப்படை வினாக்களின் மதிப்பெண்ணைத் தனியாகவும் இரட்டைப்படை வினாக்களின் மதிப்பெண்ணைத் தனியாகவும் கூட்டிப் பார்ப்பது. தாள் நன்றாக அளக்கிறது என்றால், முதல் பாதியில் முன்னே நிற்கும் பிள்ளைகளே இரண்டாம் பாதியிலும் முன்னே நிற்க வேண்டும். இரண்டு பாதிகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதிலிருந்து 0 முதல் 1 வரையிலான ஓர் எண் கிடைக்கும். அதற்கு ‘நம்பகத்தன்மை’ என்று பெயர்.

நூறு மதிப்பெண் தாள் ஒன்றின் நம்பகத்தன்மை 0.91 என்று வைத்துக்கொள்வோம். மிக நல்ல தாள்தான். மாணவர்களின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து ஏறத்தாழ 20 அளவுக்குப் பரவியிருக்கின்றன என்றும் கொள்வோம். அப்போது ஒவ்வொருவரின் மதிப்பெண்ணிலும் இருக்கும் பிழை சுமார் 6. அதாவது 82 என்று அச்சாகியிருக்கும் எண்ணை ‘பெரும்பாலும் 76-க்கும் 88-க்கும் நடுவில் எங்கோ’ என்று படிக்க வேண்டும். தாள் சுமாராக இருந்தால் இந்த இடைவெளி இன்னும் விரியும்.

தேர்ச்சிக்கோடு போடும் இடத்தில்தான் இது வலிக்கிறது. தமிழ்நாட்டு வாரியத்தில் தேர்ச்சிக்கு 35, சி.பி.எஸ்.இ.யில் 33. முப்பதில் நின்றுபோன பிள்ளையும் முப்பத்தாறில் கரையேறிய பிள்ளையும் உண்மையில் ஒரே இடத்தில் இருக்கலாம். தமிழ்நாடு 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறையட்டும் என்ற எண்ணத்தில் எடுத்த முடிவு அது. அளவியலின் பார்வையிலும் அது சரியான முடிவே. ஒரு மதிப்பெண், அரை மதிப்பெண் வித்தியாசத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று பிரிக்கும் துல்லியம் எந்தப் பொதுத்தேர்வுக்கும் கிடையாது.

127 ஆசிரியர்கள்

திருத்துவதால் வரும் பிழையை முதலில் விரிவாக அளந்தவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் முக்கியமானவர்கள். அளந்த தேர்வும் இதே பக்கலோரேயாதான். ஆன்றி பியேரோன் என்ற உளவியலாளர் 1920-களிலேயே தேர்வுகளை ஆராயும் துறைக்கு ‘தொசிமொலொஜி’ என்று பெயரிட்டிருந்தார். அந்த வழியில் வந்த ஆன்றி லோஜியே, தக்மார் வைன்பெர்க் இருவரும் 1930-களில் ஒரு சோதனை செய்தார்கள். பாரிஸில் எழுதப்பட்ட பழைய பக்கலோரேயா விடைத்தாள்களை எடுத்து, முதலில் போட்ட மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, அனுபவமுள்ள வேறு ஆசிரியர்கள் ஐந்து பேரிடம் தனித்தனியாகத் திருத்தக் கொடுத்தார்கள்.

ஒரே விடைத்தாளுக்கு ஒருவர் தேர்ச்சி போட்டார், இன்னொருவர் தோல்வி போட்டார். அதோடு நிற்காமல் அவர்கள் ஒரு கணக்கும் போட்டார்கள். இன்னும் ஓர் ஆசிரியரைச் சேர்த்தாலும் சராசரி அசையாது என்ற நிலை வர எத்தனை பேர் திருத்த வேண்டும்? கணக்குக்கு 13 பேர். இயற்பியலுக்கு 16 பேர். பிரெஞ்சுக் கட்டுரைக்கு 78 பேர். தத்துவத்துக்கு 127 பேர். 1936-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

கணக்குக்கே 13 பேர் என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்த எண். கணக்கில் விடை சரியா தப்பா என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. படிகளுக்கு எவ்வளவு போடுவது என்பதில்தான் ஆசிரியர்கள் பிரிந்துவிடுகிறார்கள். இன்று விடைத்தாள் திருத்தும் முகாம்களில் விரிவான விடைக்குறிப்பைக் கொடுத்து, படிவாரியாக மதிப்பெண் பிரித்துக் கொடுப்பதன் காரணம் இதுவே. அதனால் பிழை குறைந்திருக்கிறது. ஆனால் கட்டுரை வினாக்களில் அது மறைந்துவிடவில்லை.

நல்ல வினா எப்படி இருக்கும்?

திருத்துவோரின் பிழைக்குப் பயந்து எல்லாவற்றையும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களாக ஆக்கிவிடலாமே என்று தோன்றும். கணினியே திருத்திவிடும். ஆனால் அப்போது முழுச்சுமையும் வினாவின் தலையில் விழுகிறது. வினா கோணலாக இருந்தால், கணினி அந்தக் கோணலை மிகத் துல்லியமாகத் திருத்தித் தரும்.

ஒரு வினாவை அருகில் வைத்துப் பார்ப்போம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தசம எண்கள் புரிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிக் கேட்கிறோம்: இவற்றுள் மிகப் பெரிய எண் எது? (அ) 0.5 (ஆ) 0.43 (இ) 0.289 (ஈ) 0.1275.

விடை 0.5. புரியாத பிள்ளை 1275 பெரிய எண்ணாயிற்றே என்று (ஈ)-யை எடுக்கும், புரிந்த பிள்ளை (அ)-வை எடுக்கும் என்று வினா எழுதியவர் நினைத்திருப்பார். ஆனால் பிள்ளைகளிடம் இன்னொரு தவறான புரிதலும் உண்டு. பத்தில் ஒரு பங்கு பெரியது, நூறில் ஒரு பங்கு சிறியது, ஆயிரத்தில் ஒன்று அதைவிடச் சிறியது. ஆகவே புள்ளிக்குப் பின் இலக்கம் கூடக்கூட எண் சிறுத்துக்கொண்டே போகும் என்று சில பிள்ளைகள் நம்புகிறார்கள். 1985-இல் சக்கூர்-கிரிஸ்வார், லெயொனார் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, தசம எண்களை வரிசைப்படுத்தும்போது பிள்ளைகள் தங்களுக்கென்று இப்படிச் சொந்த விதிகளை வைத்திருக்கிறார்கள் என்று காட்டியது. அந்த விதியோடு வரும் பிள்ளையும் நம் வினாவில் (அ)-வைத்தான் எடுக்கும். முழு மதிப்பெண் கிடைக்கும். அதன் தவறு அப்படியே ஏழாம் வகுப்புக்குப் போகும்.

இப்போது வினாவை மாற்றுவோம்: (அ) 0.5 (ஆ) 0.63 (இ) 0.289 (ஈ) 0.4275. இதில் ‘நீளமானது பெரியது’ என்று நம்பும் பிள்ளை (ஈ)-யை எடுக்கும். ‘குட்டையானது பெரியது’ என்று நம்பும் பிள்ளை (அ)-வை எடுக்கும். தசமம் புரிந்த பிள்ளை (ஆ)-வை எடுக்கும். இரண்டு எண்களை மாற்றியதில் வினா ஆசிரியருக்குக் கண்ணாகிவிட்டது. தவறான விடைகளுக்கும் இங்கே வேலை இருக்கிறது. இவற்றைக் ‘கவர்விடைகள்’ என்று சொல்லலாம். ஒவ்வொரு கவர்விடையும் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்தைப் பிடித்துக் காட்ட வேண்டும். சும்மா இடத்தை நிரப்ப வைத்த கவர்விடையால் பயனில்லை.

எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வினா நல்லதா என்பதைப் பிள்ளைகள் எழுதிய பிறகே உறுதி செய்ய முடியும். அதற்கு இரண்டு எண்கள் போதும். முதலாவது ‘எளிமை எண்’: நூறு பேரில் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள்? இரண்டாவது ‘பிரித்தறியும் திறன்’: மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ளவர்களும் கீழே உள்ளவர்களும் இந்த வினாவில் எப்படிப் பிரிகிறார்கள்? மேலே 27 விழுக்காட்டினரையும் கீழே 27 விழுக்காட்டினரையும் ஒப்பிடுவது வழக்கம். அந்த 27 என்ற எண் ஏன் வசதியானது என்று 1939-இல் அமெரிக்கரான ட்ரூமன் கெல்லி கணக்குப் போட்டுக் காட்டினார்.

மேலே உள்ளவர்களில் 80 விழுக்காட்டினரும் கீழே உள்ளவர்களில் 30 விழுக்காட்டினரும் சரியாக எழுதினால் வினா நன்றாக வேலை செய்கிறது. இரண்டு பக்கமும் 50 என்றால் அந்த வினா எதையும் அளக்கவில்லை. கீழே உள்ளவர்கள் சரியாக எழுதி, மேலே உள்ளவர்கள் தவறாக எழுதினால் உடனே வினாவை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் விடைக்குறிப்பு தப்பாக இருக்கும், இல்லையென்றால் நன்றாகப் படித்தவர்களுக்கு மட்டும் கண்ணில் படுகிற ஒரு குழப்பம் வினாவில் இருக்கும்.

2024 மே 5-ஆம் தேதி நடந்த நீட் தேர்வில் வந்த ஓர் இயற்பியல் வினா இதற்கு உதாரணம். ‘ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை’ என்ற பொருளில் ஒரு கூற்று அதில் இருந்தது. பழைய பாடநூலைப் படித்தவர்களுக்கு அது சரி. கதிரியக்கத் தனிமங்களை நினைத்துப் பார்த்தவர்களுக்கும் புதிய பதிப்பைப் படித்தவர்களுக்கும் அது தவறு. தேர்வு முகமை முதலில் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி டெல்லி ஐ.ஐ.டி. வல்லுநர்கள் மூவர் பார்த்து, ஒரே விடைதான் சரி என்றார்கள். 720-க்கு 720 எடுத்ததாக முதலில் அறிவிக்கப்பட்ட 67 பேரில் 44 பேருக்கு அந்த முழு மதிப்பெண் இந்த ஒற்றை வினாவால் வந்திருந்தது. திருத்திய பட்டியலில் 17 பேரே மிஞ்சினார்கள். மதிப்பெண் மாறியவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல்.

சில நூறு மாணவர்களிடம் இந்த வினாவை முன்னோட்டம் பார்த்திருந்தால், மேல்மட்ட மாணவர்கள் இரண்டு விடைகளுக்கு நடுவே பிரிந்து நிற்பது எண்களிலேயே தெரிந்திருக்கும். உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்திருக்காது. நம் பொதுத்தேர்வு வினாக்கள் பெரும்பாலும் அப்படிச் சோதிக்கப்படுவதில்லை. கசிந்துவிடுமோ என்ற பயம் அதற்குக் காரணம். அதனால் வினாவின் முதல் சோதனையே லட்சக்கணக்கான பிள்ளைகளின் வாழ்க்கையில் நடக்கிறது.

ஒரே படிக்கல்

இனி வேறு வேறு தாள்களை ஒப்பிடும் சிக்கலுக்கு வருவோம். இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதல் வழி, பக்கத்துத் தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கையில் உள்ளது. ஒவ்வொரு வாரியத்திலும் பாடவாரியாக முதல் மதிப்பெண் எதுவோ, அதைச் சமமாக்குவார்கள். மாநில வாரியத்தில் இயற்பியலில் அதிகபட்சம் 100, வேறொரு வாரியத்தில் 90 என்றால், அந்த 90-ஐ 100 ஆக்குவார்கள். அங்கே 60 வாங்கியவருக்கு 66.66 ஆகும். நல்லெண்ணத்தில் பிறந்த விதி. ஆனால் லட்சக்கணக்கானோர் எழுதும் வாரியத்தில் யாராவது ஒருவர் 100 வாங்கிவிடுவார். இரண்டு பக்கமும் 100 ஆகிவிட்டால் இந்த விதி எதையும் மாற்றாது. ஒரு வாரியத்தின் எல்லாப் பிள்ளைகளின் கணக்கையும் அங்குள்ள ஒரே ஒரு பிள்ளையை வைத்து முடிவு செய்வதுதான் இதன் பலவீனம்.

இரண்டாம் வழி ஜே.இ.இ. மெயின் தேர்வில் உள்ளது. பல நாள், பல அமர்வு, ஒவ்வொன்றுக்கும் வேறு தாள். எந்த அமர்வில் யார் எழுதுவது என்பதைக் கணினி குலுக்கிப் போடுகிறது. அதனால் எல்லா அமர்வுகளிலும் மாணவர் தரம் ஏறத்தாழ ஒன்றுதான் என்று கொள்ளலாம். ஓர் அமர்வில் சராசரி குறைந்தால் பழி தாளைச் சேரும். ஆகவே அந்தந்த அமர்வுக்குள் ஒருவர் எத்தனை விழுக்காட்டினருக்கு மேலே இருக்கிறார் என்பதையே ஏழு தசம இலக்கம் வரை மதிப்பெண்ணாகத் தருகிறார்கள். ஏழு இலக்கம் என்பது பிழையை மறந்த துல்லியம் என்றாலும், குலுக்கல் என்ற அடிப்படை சரியானது. பள்ளி வாரியங்களுக்கு இது உதவாது. எந்தப் பிள்ளை எந்த வாரியத்தில் படிப்பது என்பதைக் குலுக்கல் தீர்மானிப்பதில்லை. வீட்டு வருமானம், ஊர், பெற்றோரின் படிப்பு எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

மூன்றாம் வழியே நம் புதிருக்கு ஏற்றது. பெரிய மார்க்கெட்டில் இரண்டு கடைத் தராசுகள் வெவ்வேறு எடை காட்டுகின்றன, எதை நம்புவது என்று தெரியவில்லை என்றால் என்ன செய்வோம்? ஒரே படிக்கல்லை இரண்டிலும் வைத்துப் பார்ப்போம். தேர்விலும் அதையே செய்யலாம். இரண்டு தாள்களிலும் சில வினாக்களைப் பொதுவாக வைப்பது. இவற்றை ‘இணைப்பு வினாக்கள்’ என்று சொல்வோம்.

நூறு மதிப்பெண்ணில் பத்து மதிப்பெண்ணுக்கு இரண்டு வாரியத் தாள்களிலும் ஒரே வினாக்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரியத்தில் மொத்தச் சராசரி 60, இரண்டாவதில் 70. பார்த்தவுடன் இரண்டாம் வாரியத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்று தோன்றும். ஆனால் பொதுவான பத்தில் இரண்டு பக்கமும் சராசரி 6 என்றால்? பிள்ளைகள் சமம். மேலே தெரிந்த பத்து மதிப்பெண்ணைத் தந்தது எளிய தாள். மாறாக, பொது வினாக்களில் முதல் வாரியத்தார் 6, இரண்டாம் வாரியத்தார் 7 என்று வந்தால், அந்த வித்தியாசம் பிள்ளைகளுடையதே. தாளின் பங்கும் பிள்ளையின் பங்கும் இப்படிப் பிரிந்துவிடுகின்றன.

டென்மார்க் கணிதவியலாளர் கேயோர்க் ராஷ் 1960-இல் இந்தச் சிந்தனையை இன்னும் ஆழமாக்கினார். வினாவின் கடினத்தையும் பிள்ளையின் திறனையும் ஒரே அளவுகோலில் குறிக்கலாம் என்று அவர் காட்டினார். அப்படிக் குறித்துவிட்டால், எந்தப் பிள்ளை எந்த வினாவை எழுதினாலும் ஒப்பிட முடியும். உலக நாடுகளின் பதினைந்து வயதுப் பிள்ளைகளை அளக்கும் பீசா தேர்வு இந்த வழியில் நடக்கிறது. அதன் இணைப்பு வினாக்கள் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குப் பூட்டிவைத்துக் கொண்டுபோகப்படுகின்றன. வெளியே விட்டால் பயிற்சி மையங்களில் பாடமாகிவிடும். பிறகு அவற்றை வைத்து எதையும் அளக்க முடியாது.

வினா யார் பக்கம் சாய்கிறது?

அந்த பீசா தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது, பங்கேற்ற எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளின் பட்டியலில் இரண்டும் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தன. வினாக்களின் சூழல் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானது என்ற காரணத்தைச் சொல்லி இந்தியா விலகிக்கொண்டது.

அந்தக் குற்றச்சாட்டு நியாயமா என்பதைச் சோதிக்கவும் அளவியலில் வழி உண்டு. மொத்தத் திறனில் சமமாக உள்ள இரண்டு குழுப் பிள்ளைகளை எடுங்கள். ஒரு குறிப்பிட்ட வினாவில் மட்டும் ஒரு குழு தொடர்ந்து வழுக்கினால், அந்த வினா பாடத்தைத் தவிர வேறெதையோ அளக்கிறது. இதை ‘வினாச் சாய்வு’ எனலாம். ரயில்வே அட்டவணை, வங்கி வட்டி, புல்வெளிக்கு நீர் பாய்ச்சுவது என்று கணக்குக் கேள்விக்குப் போர்த்தும் கதை, சில பிள்ளைகளுக்குப் பழகியதாகவும் சிலருக்குப் புதிதாகவும் இருக்கும்.

புதுச்சேரிக்கு இது மிக நெருக்கமான சிக்கல். தமிழ்வழியில் தொடங்கிய பிள்ளை ஆங்கிலத்தில் நீண்ட கணக்கு வினாவைப் படிக்கும்போது, தாள் கணக்கையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே அளக்கிறது. தோற்றது எதில் என்று மதிப்பெண் சொல்லாது. இதோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்தது. நம் அரசுப் பள்ளிகளின் முதல் அணி எழுதிய 2024-25 ஆண்டில், சி.பி.எஸ்.இ. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தாள்களில் திறன் சார்ந்த வினாக்களின் பங்கை 40 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தியது. பாடநூலின் பின்பக்க வினாக்களைப் படித்துப் பழகிய பிள்ளைகளுக்கு, படித்ததைப் புதிய சூழலில் பயன்படுத்தச் சொல்லும் வினாக்கள் வந்தன. அத்தகைய வினாக்கள் தேவையானவை. மனப்பாடத்தை மட்டும் அளக்கும் தாள், கல்வியின் நோக்கத்தை அளக்காது. ஆனால் வினா மாறும்போது வகுப்பறையும் அதற்கு முன்பே மாறியிருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

இப்போது ஊர் கேட்ட கேள்விக்கு வரலாம். மாநில வாரியத் தேர்ச்சி விழுக்காட்டையும் சி.பி.எஸ்.இ. தேர்ச்சி விழுக்காட்டையும் பக்கத்தில் வைத்து, கல்வி வளர்ந்தது என்றோ வீழ்ந்தது என்றோ சொல்ல அறிவியலில் இடமில்லை. தாள் வேறு, வினாவின் வகை வேறு, மொழி வேறு, தேர்ச்சிக்கோடுகூட வேறு. இரண்டுக்கும் நடுவே பொதுவான ஒரு வினாகூட இல்லை. ஏறியது என்று கொண்டாடுவதும், இறங்கியது என்று ஆசிரியர்களைக் குற்றம் சாட்டுவதும் ஒரே அளவுக்கு ஆதாரமற்றவை.

ஆதாரத்தை உண்டாக்க முடியும், அதற்குப் பெரிய செலவும் இல்லை. வாரியங்களை ஒப்பிடத்தக்கவையாக ஆக்குவதற்கென்றே 2023-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மன்றத்தின் கீழ் ‘பரக்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டிருக்கிறது. புதுச்சேரி சிறிய யூனியன் பிரதேசம். இதற்கு முன்னோடியாக இருக்க வசதியான ஊர். சி.பி.எஸ்.இ. படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் மாநிலப் பாடத்திட்டத்துப் பிள்ளைகளும் எழுதும் ஒரு சிறிய பொதுத் தாளைப் பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் நடத்தலாம். அதில் யாருக்கும் தேர்ச்சி, தோல்வி வேண்டாம், பெயரும் வேண்டாம். வாரியங்களை ஒப்பிட அதுவே போதும்.

தேர்வு வாரியங்கள் முடிவுகளோடு ஒவ்வொரு வினாவின் எளிமை எண்ணையும் பிரித்தறியும் திறனையும், தாளின் நம்பகத்தன்மையையும் வெளியிட வேண்டும். எந்த வினாவில் எந்தத் தவறான விடையை எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற பட்டியல் ஒன்று கிடைத்தால், அடுத்த ஜூனில் எந்தப் பாடத்தை வேறு விதமாக நடத்த வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். லட்சக்கணக்கான பிள்ளைகள் எழுதிய விடைகளிலிருந்து மொத்த மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மூட்டை கட்டிப் போடுவது பெரிய வீண்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் இருக்கும் எண்ணுக்கு இரண்டு பக்கமும் ஐந்தாறு மதிப்பெண் இடம் விட்டுப் படியுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையைவிட நான்கு குறைந்தது என்று திட்டாதீர்கள். அந்த நான்கு உங்கள் பிள்ளையுடையதா, தாளுடையதா, திருத்தியவருடையதா என்று தேர்வு நடத்தியவர்களுக்கே தெரியாது.